4,500 வெள்ளிக்கு வரும் விங் ஃபாயில் செட்: 82 கிலோ ஆளுக்கு, குளுவாங்கிலிருந்து, சரிப்படுமா?

பிறகு வந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். எடை 82 கிலோ, நீச்சல் "சுமார்", பலகை மேல் நிற்கிற விளையாட்டு எதுவும் பழக்கமில்லை. ஒருவர் பழைய விங் ஃபாயில் (காற்றடைத்த விங்கைக் கையில் பிடித்து, அடியில் இறக்கை பூட்டிய பலகையில் தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடுகிற விளையாட்டு) செட்டை 4,500 வெள்ளிக்குத் தருகிறார்: 4 சதுர மீட்டர் விங், 85 லிட்டர் போர்டு, 85 செ.மீ. கார்பன் மாஸ்ட், 900 சதுர செ.மீ. முன் இறக்கை. வாங்கலாமா, தோட்டத்துக் குளத்தில் பழகலாமா என்று கேட்கிறீர்கள். விலையைக் கேட்பது போல இருந்தாலும் கேள்விக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. கிழக்குக் கரைக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளி, வருஷத்தில் பாதி நாள் இலைகூட அசையாத ஊரில் இருக்கிறவருக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா? ஒத்துவரும். ஆனால் அந்தச் செட்டோடு வராது. ஏன் என்று எண்களோடு சொல்கிறேன்.

பலர் இதைக் கைட் ஃபாயிலோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கினாரே, அது கைட். பட்டம் வானத்தில் நிற்கும், நீளமான கயிறுகளால் ஆளை இழுக்கும். விங் ஃபாயிலில் கயிறு வேலை இல்லை. காற்றடைத்த விங்கைக் கையிலேயே பிடித்துக்கொள்கிறோம். பின்கையை (விங்கின் பின் பிடியில் இருக்கிற கையை) விட்டால் இழுப்பு அந்த நொடியே செத்துவிடும்; இரண்டு கையையும் விட்டால் விங் மணிக்கட்டு லீஷில் (பிணைப்பு வாரில்) கட்டுண்டு தண்ணீர் மேல் கிடக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கைட்டைவிட இது பயமில்லாதது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கைட்டில் தப்புப் பண்ணினால் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். இதில் தப்புப் பண்ணினால் பெரும்பாலும் விழுவதோடு முடிந்துவிடும்.

சாமான் மூன்று கூறு. கையில் விங், காலுக்கடியில் போர்டு, போர்டுக்கு அடியில் ஃபாயில். விங்கின் முன் விளிம்பு தடித்த காற்றுக்குழாய், நடுவில் முன்னிருந்து பின்னாக இன்னொரு குழாய், மீதி துணி. பெரும்பாலான விங்குக்கு 6 முதல் 8 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், சரியான அளவு விங்கிலேயே அச்சடித்திருக்கும். சைக்கிள் பம்பால் ஆகாது, அளவுமானி வைத்த பெரிய பம்பு வேண்டும். காற்று குறைவாக அடித்தால் முன் குழாய் வளைந்து, இழுக்க வேண்டிய நேரத்தில் விங் துவண்டுவிடும். புதியவர்கள் விங்கைக் குறை சொல்வதில் பாதி இந்தக் காற்றுக் குறையால் வருவதுதான். ஃபாயில் என்பது தண்ணீருக்குள் போகிற குட்டி விமானம். மாஸ்ட் போர்டிலிருந்து நேராகக் கீழே இறங்கும். அதன் அடியில் ஃபியூஸ்லாஜ் என்கிற தண்டு. தண்டின் முனையில் பெரிய முன் இறக்கை, வாலில் சின்னப் பின் இறக்கை. முன் இறக்கை தூக்கும். பின் இறக்கை வாலைக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்து, மூக்கு குப்புறக் கவிழாமல் பார்த்துக்கொள்ளும், அம்புக்கு இறகு போல.

இனி அந்தச் செட்டுக்கு வருவோம். போர்டிலேயே கதை முடிந்துவிடுகிறது. 85 லிட்டர் போர்டு முழுதாக மூழ்கினால் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 87 கிலோவைத் தாங்கும். நீங்கள் 82, போர்டும் ஃபாயிலும் சேர்ந்து பத்துக் கிலோவைத் தொடும், விங்கும் நனைந்த சட்டையும் இன்னும் மூன்று. மொத்தம் 95 கிலோ என்று வையுங்கள். அதாவது நீங்கள் ஏறி நின்றால் போர்டு நின்ற இடத்திலேயே தண்ணீருக்குள் போய்விடும். தேர்ந்தவர்கள் இப்படிப்பட்ட போர்டில் முழங்கால் போட்டு, மூழ்கின நிலையிலேயே விங்கால் இழுத்து மேலே வந்துவிடுவார்கள். அதற்கு நல்ல காற்றும் பல மாதக் கைப்பழக்கமும் வேண்டும். தொடங்குகிறவருக்குப் பொதுவான கணக்கு, உடல் எடையோடு 30 முதல் 40 சேர்த்தால் வருகிற லிட்டர். உங்களுக்கு 115 முதல் 125 லிட்டர். அகலமும் பார்க்க வேண்டும், 70 செ.மீ.க்குக் குறையாமல். லிட்டர் மிதக்க வைக்கும், அகலம்தான் பக்கவாட்டில் புரளாமல் நிற்க வைக்கும்.

முன் இறக்கை அடுத்த சிக்கல். இறக்கையின் தூக்குவிசை, அதன் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் தூக்கு நான்கு மடங்கு. பரப்பு பாதியானால் தூக்கும் பாதி. தூக்குக் கெழுவை (இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்கும் என்று காட்டுகிற எண்) 0.8 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 95 கிலோவை நீருக்கு மேல் தூக்க 900 சதுர செ.மீ. இறக்கைக்கு மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 1,900 சதுர செ.மீ. இறக்கைக்கு அதே வேலைக்கு 12.5 கிலோமீட்டர் போதும். கெழு இறக்கைக்கு இறக்கை மாறும், ஆகவே எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. வயிறு தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு போகிற போர்டை 12 கிலோமீட்டருக்குத் தள்ளுவதற்கும் 18க்குத் தள்ளுவதற்கும் நடுவே, சைக்கிளில் சமதரையில் போவதற்கும் குனுங் லம்பாக் ஏற்றத்தில் மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. நம் காற்றில், உங்கள் எடைக்கு, 1,700 முதல் 2,000 வரை பாருங்கள். ரொம்ப நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிற இறக்கை வேண்டாம். அது வேகமாக வழுக்கிப் போகும், ஆனால் வேகம் குறைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கை விட்டுவிடும். கொஞ்சம் குட்டையாக, நடுவில் அகன்ற இறக்கை மெதுவாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

மாஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 85 செ.மீ. என்பது அலையில் ஓட்டுகிறவருக்கு நல்லது. பழகுகிறவருக்கு 60 முதல் 75 போதும், விழுகிற உயரமும் குறையும். கார்பன் லேசு, விறைப்பு, விலை அதிகம். அலுமினியம் கனம், ஆனால் கல்லில் இடித்தாலும் எளிதில் விரிசல் விடாது. முதல் இரண்டு வருஷத்துக்கு அலுமினியமே போதும்.

விங்கின் அளவு காற்றோடு சேர்ந்த விஷயம். காற்றின் இழுப்பும் வேகத்தின் வர்க்கமாகத்தான் கூடும். 12 நாட் காற்று 17 ஆனாலே இழுப்பு இரண்டு மடங்கு. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) 12 நாட்டில் 4 சதுர மீட்டர் விங் தோராயமாக 9 கிலோ இழுக்கும், 6 சதுர மீட்டர் 14 கிலோ இழுக்கும். 82 கிலோ ஆளைக் கிளப்புவதற்கு அந்த ஐந்து கிலோ வித்தியாசம்தான் உயிர். 4 சதுர மீட்டர் உங்கள் எடைக்கு 20 நாட்டுக்கு மேல் வேலைக்கு வரும். நம் கரையில் 20 நாட் அடிக்கிற நாளில் அலை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அது முதல் பாடத்துக்கான நாள் இல்லை. உங்களுக்கு முதல் விங் 6 சதுர மீட்டர். 7 வேண்டாம், உயரம் சராசரியாக இருந்தால் முனை அடிக்கடி தண்ணீரில் உரசும், உரசினால் விங் புரண்டு உங்களைக் கவிழ்க்கும்.

காற்றுக்கு நாள்காட்டி உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று, நம் பாட்டன்மார் வாடை என்றது, நவம்பரிலிருந்து மார்ச் வரை. அந்தக் காலத்தில் 10 முதல் 20 நாட் நிலையாக வீசும். வடக்கேயிருந்து குளிர்காற்று தள்ளிக்கொண்டு வருகிற நாள்களில் கிழக்குக் கரையில் 30 நாட்டைத் தாண்டிவிடும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, பெரும்பாலும் 15 நாட்டுக்குள். இரண்டுக்கும் நடுவில் வருகிற ஏப்ரல், அக்டோபர் வாக்கில் காற்று இன்ன திசை என்று இல்லாமல் அலையும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல். ஆக உங்களுக்குப் பருவம் என்று உண்மையாக இருப்பது நான்கைந்து மாதம்தான். குவாந்தான் பக்கத்துப் பாலோக் கடற்கரைக்குப் பாய்மரப் பலகைக்காரர்கள் போவதும் அந்த மாதங்களுக்காகவே. கிழக்குக் கரையில் உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மெர்சிங். கஹாங், ஜெமாலுவாங் வழியாகக் காடியில் ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது இருட்டுவதற்கு முன் கஹாங்கைத் தாண்டிவிடுங்கள். யானை சாலைக்கு வருகிற பக்கம் அது, தோட்டத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெர்சிங்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று கடல் வற்றம். தியோமான் தீவு ஃபெரி ஏன் நாளுக்கு நாள் நேரம் மாற்றுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வற்று நேரத்தில் ஆற்று வாயில் ஆழம் பற்றாது, அதனால் ஏற்றம் பார்த்துத்தான் கிளம்பும். ஃபெரிக்கு இருக்கிற அதே பிரச்சினை உங்கள் ஃபாயிலுக்கும் உண்டு. 75 செ.மீ. மாஸ்டும் அதன் அடியில் இருக்கிறதும் சேர்ந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் தரை தட்டும். ஓடுகிற வேகத்தில் தட்டினால் போர்டு சட்டென்று நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். மார்பளவு தண்ணீர்தான் குறைந்தபட்சம். ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனாலும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஏற்றம் முடியும் தறுவாயில் இறங்குவது நல்லது. இரண்டாவது, வானிலை இலாகாவான மெட்மலேசியாவின் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கை. அதன் முதல் படி மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை; நாட் கணக்கில் 22 முதல் 27. சிறு படகுக்கும் கடல் விளையாட்டுக்கும் ஆபத்து என்று எச்சரிக்கிற அளவு அது. அந்த எச்சரிக்கை இருக்கிற நாளில் காடியைக் கிளப்பவே வேண்டாம்.

திசையும் முக்கியம். வாடைக் காலத்தில் கிழக்குக் கரையில் காற்று கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வரும். ஏதாவது உடைந்தால், களைத்தால், காற்றே உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தென்மேற்குக் காலத்தில் கரையிலிருந்து கடலுக்கு. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஆளை ஏமாற்றும். இருநூறு மீட்டர் உள்ளே போனால் காற்று கூடும், திரும்பி வரத் தெரியாதவர் தியோமான் திசையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார். கரையிலிருந்து விலகி வீசும் காற்றில், கூட ஒரு படகு இல்லாமல், பழகுகிறவர் இறங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தோட்டத்துக் குளம் வேண்டாம். செம்பனையும் கட்டடமும் சூழ்ந்த குளத்தில் காற்று நேராக வராது, சுழித்துச் சுழித்து வரும். ஒரு நிமிஷம் இழுக்கும், மறுநிமிஷம் செத்துக் கிடக்கும். அடியில் என்ன கட்டை கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆலைக் கழிவுக் குளமென்றால் பேச்சே இல்லை. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே எலிச் சிறுநீர் கலந்த தேங்கின தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றும். செம்பரோங், மச்சாப் மாதிரி அணைகள் வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்கும் ஆனவை, அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

ஆனால் குளுவாங்கில் இருந்தபடியே செய்யக்கூடிய பாதி வேலை இருக்கிறது, அதற்குத் திடல் போதும். விங்கை மட்டும் வாங்கி, மாலைக் காற்றில் திடலில் நின்று பழகுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, விங்கின் முன் கைப்பிடியை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். அது கொடி போல, இழுப்பே இல்லாமல் மிதக்கும். பிறகு விங்கைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முன்கை முன் பிடியிலும் பின்கை நடுக்குழாயின் பின் பிடியிலும் வையுங்கள். பின்கையைச் சற்று உள்ளே இழுத்தால் இழுப்பு வரும், தளர்த்தினால் போகும். காடியில் ஆக்சிலரேட்டர் மாதிரி, பின்கை ஒன்றுதான் வேகம். முன்கை திசை. புதியவர்கள் பயந்தால் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். அதுதான் தப்பு, இழுப்பு இன்னும் கூடும். பயந்தால் பின்கையை விடு என்று உடம்புக்குத் தானாக வரும்வரை திடலை விட்டு நகர வேண்டாம். திடலின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு, காற்று பக்கவாட்டில் வரும்படி, விங்கைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்து போய், விங்கை மறுபக்கத்துக்குக் கை மாற்றித் திரும்பி வாருங்கள். பார்க்காமலே கை மாற்ற வர வேண்டும். தண்ணீரில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கும். ஐந்தாறு மாலைகள் இதற்குச் செலவழித்தால் கடலில் பல மணி நேரம் மிச்சம். ஓட்டையாகாமல் இருக்க, தொட்டாற்சிணுங்கி முள் இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். மெர்சிங்கிலும் இதே கவனம் வேண்டும். கரையோரச் சவுக்கு மரத்தடி நிழலாக இருக்கிறதென்று அங்கே விங்கை விரித்துக் காற்றடிப்பார்கள், அடியில் கிடக்கிற சவுக்குக் காய் ஒவ்வொன்றும் முள் உருண்டை.

தண்ணீரில் முதல் நாள் ஃபாயில் வேண்டாம். துடுப்புப் பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அடியில் நடுவிலும் பின்னும் மீன் துடுப்பு போல ஃபின் இருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் விங்கோடு போய் வாருங்கள். நடு ஃபின் இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் நழுவிக்கொண்டே காற்று போகும் பக்கம் ஒதுங்கிவிடும். கிளம்பின இடத்துக்கே திரும்பி வர முடிகிறதா என்பதுதான் இந்தப் படியின் பரீட்சை. ஐந்து முறை போய் ஐந்து முறையும் கிளம்பின இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தால் ஃபாயிலைப் பூட்டலாம். ஐம்பது மீட்டர் தள்ளிக் கரை ஏறிப் பலகையைத் தோளில் சுமந்து நடந்து வருகிறீர்கள் என்றால் இன்னும் ஆகவில்லை.

ஃபாயிலோடு இறங்கும்போது விங் எப்போதும் நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து காற்று போகும் பக்கத்தில், போர்டு காற்று வரும் பக்கத்தில். மாற்றிப் பிடித்தால் காற்று விங்கைத் தூக்கிக் கொண்டுபோய் ஃபாயில் முனையில் குத்திவிடும். போர்டைக் குப்புற, ஃபாயில் மேலே இருக்கும்படி தள்ளிக்கொண்டு போய், மார்பளவு வந்ததும் புரட்டுங்கள். காற்று பக்கவாட்டில் வரும்படி போர்டை நிறுத்தி, முழங்கால் போட்டு ஏறி, விங்கைத் தலைக்கு மேல் பிடித்துக் கொஞ்ச தூரம் அப்படியே ஓடவிடுங்கள். ஓடுகிற போர்டு நிற்கிற போர்டைவிட ஆடாது. பிறகு ஒவ்வொரு காலாக எழுந்து, பின்பாதம் மாஸ்டுக்கு நேர் மேலே, முன்பாதம் தோள் அகலத்துக்கு முன்னால். பார்வை போர்டின் மூக்கில் வேண்டாம், கரையில் ஒரு தென்னையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேகம் கூடும், போர்டு சரசரவென்று தண்ணீரை உரசுகிற சத்தம் திடீரென்று அடங்கும். மேலே வந்துவிட்டீர்கள். அந்த அமைதியில் மகிழ்ந்து உடம்பு பின்னால் சாயும், போர்டு விருட்டென்று ஒரு முழம் எழும்பும், முன் இறக்கை தண்ணீர்ப் பரப்பைக் கிழித்து வெளியே வரும், அடுத்த கணம் போர்டு கீழே, நீங்கள் முன்னால். காரணம் அதே வர்க்கக் கணக்கு. போர்டு தண்ணீரை விட்டதும் உராய்வு போய்விடுகிறது, வேகம் தாவுகிறது, வேகம் தாவினால் தூக்கு அதைவிட வேகமாகத் தாவுகிறது. இறக்கை வெளியே வந்ததும் மேல் முகத்தில் காற்று புகுந்து, தூக்கு ஒரேயடியாக அற்றுப்போகிறது. ஆகவே எழும்புகிறது என்று தெரிந்த நொடியில் முன்பாதத்தில் எடையைப் போடுங்கள், எழும்பின பிறகு இல்லை. உள்ளங்கை அளவு உயரம் போதும் என்று வைத்துக்கொண்டு, மெதுவாக இறக்கி, மறுபடி ஏற்றிப் பழகினால் உயரம் கைக்குள் வரும். எவ்வளவு முன்னால் அழுத்தியும் தாவுகிறதென்றால் மாஸ்டை அதன் தடத்தில் ஒரு செ.மீ. பின்னால் தள்ளிப் பூட்டுங்கள். நேர்மாறாக, காற்று இருந்தும் எழும்பவே இல்லையென்றால் ஒரு செ.மீ. முன்னால். ஒரே நாளில் இரண்டு மூன்று செ.மீ. நகர்த்தாதீர்கள், எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் போகும்.

எத்தனை நாளில் வரும் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. பலகைப் பழக்கம் இல்லாதவர் என்பதால், நல்ல காற்றில் இரண்டு மணி நேரம் வீதம் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை இறங்கினால் நூறு மீட்டர் நிலையாகப் பறக்கலாம் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். விழாமல் திரும்புவது அதற்கும் அப்புறம்.

விழுவது நிச்சயம் என்பதால் தலைக்கவசம் முதல் நாளிலிருந்து. ஃபாயிலின் ஓரம் கத்தி போல இருக்காது, ஆனால் உங்கள் எடையோடு அதன் மேல் விழுந்தால் கத்தி வேலையைச் செய்யும். சமநிலை போய்விட்டது என்று தெரிந்ததும் காப்பாற்றப் பார்க்காமல், போர்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் தட்டையாகச் சாயுங்கள். முன்னால் பாய வேண்டாம், போர்டும் கூடவே வரும். தலைகீழாகவும் பாய வேண்டாம், அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. நீச்சல் "சுமார்" என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி, இந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் செட்டைவிட உறுத்தியது. இம்பேக்ட் வெஸ்ட் என்று விற்பது அடி படாமல் காக்க, மிதக்க வைக்க அதை நம்பக் கூடாது. உங்களுக்கு 50 நியூட்டன் மிதவைச் சட்டை, இடுப்பில் இறுக்கமாகப் பூட்டுகிறது, வேண்டும். அதுவும் நீந்தத் தெரிந்தவருக்கு ஆனதுதான். அதைப் போட்டுக்கொண்டு நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறவரை நகராண்மை நீச்சல் குளத்துக்குப் போய்வாருங்கள். கடலில் எது நடந்தாலும் போர்டை விட்டு நீந்திப் போகாதீர்கள். அதன் மேல் குப்புறப் படுத்து, விங்கை மல்லாத்திக் காலடியில் இழுத்துக்கொண்டு, கையால் துழாவிக் கரைக்கு வரலாம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே கரை. இன்னொரு சுற்று என்ற பேச்சு வேண்டாம்.

கரை ஏறின பிறகு பலர் விட்டுவிடுகிற வேலை, போல்ட். ஃபாயிலைப் போர்டோடு பூட்டுவது நான்கு எம்8 (8 மி.மீ. தடிப்பு) போல்ட். தண்டையும் மாஸ்டையும் இறக்கைகளையும் சேர்ப்பது இன்னும் சில. போல்ட் துருப்பிடிக்காத எஃகு, அது இறங்குகிற துளை அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரிக்கு வேண்டியது அவ்வளவுதான். அலுமினியம் மெல்ல அரித்து, மறையில் மாவு போல வெள்ளைப் பொடி அடைக்கும். இரண்டு மாதம் கழற்றாமல் விட்டால் போல்ட் உள்ளேயே இறுகிப்போய், திருகினால் தலை வழுக்கிவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வீடு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, அடுத்த முறை பூட்டும்போது போல்ட் மறையில் கடல் வேலைக்கான கிரீஸ் தடவுங்கள். பூட்டும்போது மணல் ஒரு துகள்கூட இடுக்கில் இருக்கக் கூடாது. இறுக்கிப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கால் சுற்று உள்ளே போகும். தளர்ந்த போல்ட் காலடியில் மெல்லிய நடுக்கமாகத் தெரியும். நடுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். விங்கைக் கடல் தண்ணீரோடு சுருட்டிக் காடிக்குள் வெயிலில் விடுவதும் இதே ரகம். நம் வெயிலில் மூடிய காடிக்குள் வால்வு ஒட்டியிருக்கிற பசை இளகிவிடும்.

காசு விஷயத்தில், எல்லாம் புதிதாக வாங்கினால் ஐந்து இலக்கத்தைத் தொடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் மிதவைச் சட்டை, தலைக்கவசம், 6 சதுர மீட்டர் விங். இதை வைத்துத் திடலும் வாடகைப் பலகையும் ஓடும். அதுவரை பிடித்திருந்தால் 120 லிட்டர் அளவில் பழைய போர்டும், பெரிய முன் இறக்கை வைத்த அலுமினிய ஃபாயிலும் தேடுங்கள். போர்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே உள்ள இரட்டைத் தடம் பெரும்பாலான கம்பெனிக்கு ஒரே அளவு, ஒன்றுக்கொன்று பொருந்தும். மாஸ்ட், தண்டு, இறக்கை ஆகியவை அப்படி இல்லை; ஒரு கம்பெனி இறக்கை இன்னொன்றின் தண்டில் உட்காராது. அதனால் பிற்பாடு பெரிய இறக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி 900 அளவு ஃபாயிலை வாங்கும் முன், அதே கம்பெனியில் 1,800 அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய போர்டில் தடத்தைச் சுற்றி விரல் மூட்டால் தட்டுங்கள். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

விற்கிறவர் பிரித்துத் தர ஒப்புக்கொண்டால் அந்த 4 சதுர மீட்டர் விங்கை மட்டும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பருவத்துக்கு இல்லாவிட்டாலும், அடுத்த ஜனவரியில் 20 நாட் அடிக்கும்போது உங்களுக்கு இரண்டாவது விங் வேண்டியிருக்கும், அளவு சரியாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் அவரையே அச்சிட்ட அளவுக்குக் காற்றடிக்கச் சொல்லுங்கள். முன் குழாய்க்கும் நடுக்குழாய்க்கும் இடையில் இருக்கிற இணைப்புக் குழாயின் கிளிப்பை மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து இரண்டையும் தனித்தனியாக அமுக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் ஓட்டை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சின்ன ஓட்டையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அது போதும். குமிழி வால்வின் அடியிலிருந்து வந்தால் வாங்காதீர்கள்.